குழம்பியது யார்?

நாள்தோறும் நம் நாவிற் புரளும் சொற்கள் சில உண்டு. வாசற்படியில் கிடக்கும் கல்லைப்போல மிதித்து மிதித்து அவற்றின் முகமே நமக்கு மறந்துபோயிருக்கும். 'குழப்பம்' என்ற சொல் அத்தகையது. கணக்கு வரவில்லையா? குழப்பம். சம்பந்தி வீட்டாரோடு பேச்சு முற்றிவிட்டதா? குழப்பம். எந்த பஸ் எந்த வழியாகப் போகிறது என்று தெரியவில்லையா? அதுவும் குழப்பந்தான். மாணவர்களுக்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்த நானும் அந்தச் சொல்லை அவ்வாறே மிதித்து நடந்தவன்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், கொழுந்து பறித்துக் கருத்த விரல்களை ஒரு கந்தோர் மேசைமீது ஊன்றிக்கொண்டு, அந்தச் சொல்லை ஒருநாள் எனக்குப் புரட்டிக் காட்டினார். அந்தக் கதையை வாசக நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

எங்கள் வீடு டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்தின் கடைசிக் காம்பரா. அந்தச் சொல்லை நான் முதன்முதலிற் சந்தித்த இடம் பள்ளிக்கூடமன்று, அடுப்பங்கரை. பொழுது சாய்ந்து, கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த கையோடு அம்மா அடுப்பை மூட்டுவார். கருவாடும் கத்தரிக்காயும் புளிக்கரைசலிற் கொதிக்கும்போது அகப்பையைத் தூக்கி, அது சொட்டும் விதத்தைப் பார்ப்பார். "இன்னும் குழம்பல" என்று சொன்னால் இன்னும் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்று பொருள். தனித்தனியே கிடந்தவை ஒன்றோடொன்று கலந்து, தடித்து, இனிப் பிரிக்க முடியாதபடி ஒன்றாகி நிற்பதே குழம்பு. யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் 'கறி' என்றே சொல்லிவிடுவார்கள். எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து கட்டுச்சோற்றோடு கொண்டுவந்த சொற்களுள் 'குழம்பு'ம் ஒன்று. ஆகவே குழம்புதல் என்பது இயல்பிற் கெட்ட செயலன்று. பசித்த வீட்டில் அதைவிட நல்ல செயல் வேறில்லை.

அந்த வினைக்கு மற்றொரு முகமும் உண்டென்பதை நான் கற்றது பீலிக்கரையில். மலையிலிருந்து இறங்கும் ஊற்றை மூங்கிலாலோ தகரத்தாலோ வாய் கட்டி விட்டால் அது பீலி. லயத்துக்கெல்லாம் அதுவே தண்ணீர். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பீலித்தண்ணீர் செம்மண் கரைந்து தேநீர் நிறமாகிவிடும். குடத்தைக் கொண்டுவந்து வைத்ததும், கைவிட்டுத் துழாவிப் பார்ப்பது சிறுவனாகிய என் வழக்கம். அம்மா அதட்டுவார்: "கலங்கின தண்ணியக் கலக்காதடா. சும்மா வச்சிரு, தானாத் தெளியும்." கலங்கியது ஒன்று, கலக்குகிறவன் மற்றொருவன். அன்று அவ்வதட்டலில் ஓர் இலக்கணப் பாடம் இருந்ததை நான் அறியேன்.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல் என்னை ஒருமுறை அழவும் வைத்தது. எங்கள் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர். பக்கத்திலிருந்தவனின் சிலேற்றில் நான் எதையோ கிறுக்கியதைக் கண்டு, "குழப்படி செய்யாதே" என்றார். எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் குழப்படி என்றால் குறும்பு. எங்கள் பேச்சில் அதற்குச் 'சேட்டை' என்று பெயர். நானோ, கணக்குத் தெரியாத மூளைக் குழப்பக்காரன் என்று என்னைச் சொல்லிவிட்டாரே என மனம் நொந்து வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா சிரித்தார். "குழம்புனவன்னு சொல்லலடா. குழப்புறவன்னு சொல்லியிருக்காரு. அது ஒன்னப் பத்தி உண்மைதானே?" என்றார்.

பின்னர் ஹட்டனுக்குப் படிக்கச் சென்றபோது இதற்கு இலக்கணப் பெயர் உண்டென்று கற்றேன். செயல் தன்னிடமே நிகழ்ந்தால் தன்வினை. பிறர் செய்விக்க நிகழ்ந்தால் பிறவினை. குழம்பு என்பது தன்வினை, குழப்பு என்பது பிறவினை. கலங்கு, கலக்கு, மயங்கு, மயக்கு, திரும்பு, திருப்பு. மெல்லென ஒலிக்கும் எழுத்து வல்லெழுத்தாக மாறிய அளவிலே, வினையின் பொறுப்பு ஓர் ஆளிடமிருந்து மற்றோர் ஆளுக்கு மாறிவிடுகிறது. மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வர். நானும் அவ்வாறுதான் செய்தேன்.

ஆனால் இவ்வினைகளிலிருந்து பெயர்ச்சொல் பிறக்கும்போது ஒன்று நேர்கிறது. அதைக் கவனிப்பார் சிலரே. கலங்கினாலும் கலக்கினாலும் பிறப்பது கலக்கம். மயங்கினாலும் மயக்கினாலும் மயக்கம். குழம்பினாலும் குழப்பினாலும் குழப்பம். வினையில் இருந்த வேறுபாடு பெயரில் மறைந்துவிடுகிறது. "குழம்பினான்" என்றால் யாரென்று தெரிகிறது. "குழப்பினான்" என்றாலும் தெரிகிறது. "குழப்பம்" என்று சொல்லிவிட்டாலோ, அங்கே ஆளே இல்லை! கோடைமழைபோல் அது தானே வந்து தானே பெய்ததாக ஆகிவிடுகிறது.

இச்சொல்லுக்கு உறவினர் பலர் உண்டு. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வீடு. 'கலக்கம்' நெஞ்சில் இருப்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும் இரவில் தாய்க்கு வருவது. 'திகைப்பு' காலில் இருப்பது, நடந்தவன் நின்றுவிடுவான். மலையில் பனிமூட்டம் திடீரென்று இறங்கி, கைக்கெட்டும் தூரத்துத் தேயிலைச் செடியும் மறைந்துபோகும்போது எங்களுக்கு நேர்வது அது. 'தடுமாற்றம்' அதற்கு அடுத்த படி. நின்றவன் அடியெடுத்து வைத்து வழுக்குவது. 'மயக்கம்' என்பதற்கு இலக்கண நூல்களில் உயர்ந்த இடம் உண்டு. மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதை மெய்ம்மயக்கம் என்றும், ஒரு நிலத்துக்கு உரியது மற்றொன்றிற் கலந்து வருவதைத் திணைமயக்கம் என்றும் சொல்வர். அங்கே அது குற்றமாகாது. கலப்பு என்ற பொருளே. ஆனால் கொழுந்து மலையில் "மயக்கம்" என்ற கூக்குரல் கேட்டால் பொருள் வேறு: காலைத் தேநீரோடு மலையேறிய ஒருத்தி வெயிலில் சரிந்துவிட்டாள் என்பதே.

இந்த உறவினர் கூட்டத்தில் குழப்பத்துக்கு மட்டும் மற்றொரு பொருள் இந்நாட்டிலே வந்து சேர்ந்தது. முதியவர்கள் "குழப்பக் காலம்" என்று சொன்னால் மனக்குழப்பத்தைச் சொல்லவில்லை; இனக்கலவரத்தைச் சொல்கிறார்கள். 1958ஆம் ஆண்டுக் குழப்பம், 1977ஆம் ஆண்டுக் குழப்பம், 1981, 1983 என்று காலத்தை அளக்கும் கல்லாகவே அந்தச் சொல் நடப்பட்டுவிட்டது. 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மூட்டைகளோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கிப் போயின. 1983 ஜூலையில் கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த ஜூலையில் எங்கள் தோட்டத்துக்குக் கீழேயுள்ள கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று, என் தங்கையையும் அவளுடைய கைக்குழந்தையையும் இரண்டு இரவுகள் தம் வீட்டு உள்ளறையில் வைத்துக் காத்தது. அந்த வீட்டு மூதாட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா பெயர் சொல்லியே பேசுவார். தீ வைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும், "குழப்பம் வந்துச்சு, போச்சு" என்பார். நல்லது செய்தவருக்கு எழுவாய் உண்டு. தீயது செய்தவருக்கு எழுவாய் இல்லை. அச்சத்திலே வாழ்ந்த மக்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் கற்றுக்கொண்ட இலக்கணம் அது போலும்.

எழுவாய் இல்லாத குழப்பம் எங்கள் வீட்டுக்குள் தாள்வடிவில் நுழைந்த வரலாறும் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவன் தன் தந்தை இங்கே பிறந்தான் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என்றது. காட்டைத் திருத்திக் கோப்பி நட்டவனிடமும், பின்னர் அதே மண்ணில் தேயிலை நட்டவனிடமும் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியரல்லர் ஆயினர். பின்னர், 1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1974இல், அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தனர். கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுவதுபோல் தலைகளை எண்ணிக் கணக்கெழுதினார்கள்.

விண்ணப்பப் பத்திரங்கள் தோட்டத்துக்கு வந்த 1960களின் இறுதியில் நான் நாலும் விளங்கத் தொடங்கிய சிறுவன். எங்கள் லயத்தில் அப்போது எந்தக் காம்பராவிலும் இரவு நெடுநேரம் விளக்கு அணையாது. இந்தியாவா, இலங்கையா? அப்பா தோட்டத் தலைவரிடம் கேட்டார், கணக்கப்பிள்ளையிடம் கேட்டார், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். "ஒரே குழப்பமா இருக்கு" என்று அப்பா சொன்னபோது, அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, "மச்சான், நம்ம ஊருன்னு ஒண்ணு இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்குமா?" என்று கேட்டார். மாமா இந்தியாவுக்கு எழுதினார். அப்பா இலங்கைக்கு எழுதினார். அம்மா யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் கேட்கவுமில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் மாமாவின் குடும்பம் ஹட்டன் நிலையத்திற் கோச்சி ஏறியது. தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். அத்தகைய பயணங்களின் இரயிலை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். மாமாவுக்கு நீலகிரியில், திரும்பி வந்தோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கிருந்து எழுதிய முதற் கடிதத்தில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிட்டிருந்தார். இங்கே இருந்தவரை அவரை 'இந்தியத் தமிழன்' என்றார்கள். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் அரசாங்கப் பதிவிலும் எங்களுக்கு அந்தப் பெயரே. இந்தியாவுக்குப் போனதும் அவர் 'சிலோன்காரர்' ஆகிவிட்டார். "நான் மாறலை தங்கச்சி, கூப்பிடுறவங்கதான் மாறியிருக்காங்க" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். அவ்வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

இனி, முதலிற் சொன்ன கந்தோருக்கு வருவோம்.

1990களின் நடுப்பகுதி. அம்மா கூடையை இறக்கி வைத்து ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத் தொழிலாளருக்கும் உரிய ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மாதந்தோறும் சம்பளத்திற் கழித்ததும் தோட்டம் தன் பங்காகச் செலுத்தியதும் சேர்ந்து, வேலையை விட்டு நிற்கும்போது கைக்கு வரவேண்டிய பணம். வாழ்நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்ததற்கு அம்மாவுக்கு மிஞ்சியது அது ஒன்றே. விண்ணப்பம் கொடுத்தோம். திரும்பி வந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு தாயும் மகனுமாகப் போனோம். மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் மரியாதையுடன்தான் பேசினார்: "மாஸ்டர், உங்கள் தாயாரின் பெயரிற் குழப்பம் இருக்கிறது."

அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே மூன்று விதமாக எழுதப்பட்ட பெயர். நான் எழுதி நான்காவது ஒன்றைச் சேர்ப்பானேன்? ஆனால் நேர்ந்தது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'அழகம்மா' என்றொரு பெயரை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டில் வீட்டுக்கு வீடு உள்ள பெயர். பிறந்த பிள்ளையின் பெயரைத் தாய் வாயாற் சொல்கிறாள். எழுதுகிறவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தமிழிலோ ல, ள, ழ என மூன்று எழுத்துகள். ஆங்கிலத்தில் அம்மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. பிறகு அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ஒருவர் சிங்களத்தில் எழுதுகிறார். சிங்களத்தில் லகரமும் ளகரமும் உண்டு, ழகரம் கிடையாது. அதன்பின் சிங்களத்தைப் பார்த்து மற்றொருவர் தமிழில் எழுதும்போது 'அழகம்மா' 'அலகம்மா' ஆகிவிடுகிறாள். அழகு போய் அலகு வந்துவிட்டது. பெண்ணுக்குப் பறவையின் மூக்கு முளைத்துவிட்டது! இடையில் ஒருவர் 'அம்மா' என்பதை 'அம்மாள்' ஆக்கியிருப்பார். ஒருவர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை மாற்றியிருப்பார். 'பழனி' 'பலனி' ஆவதும், 'வள்ளி' 'வல்லி' ஆவதும் இவ்வழியேதான்.

ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. இந்த எட்டையும் மயங்கொலி எழுத்துகள் என்று வகுப்பிலே கற்பிக்கிறோம். எழுத்துகள் மயங்குவதில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. மயங்குவது கேட்கிறவனின் செவி. பிறழ்வது எழுதுகிறவனின் கை. இதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆயினும் அன்று அந்த மேசைக்கு முன்னால், "பெயரிற் குழப்பம்" என்று கேட்டவுடன், குற்றவாளியைப்போல் நான் தலைகுனிந்தேன். "எங்கள் பக்கத்து மக்கள் படிப்பறிவில்லாதவர்கள், தம்பி, மன்னிக்க வேண்டும்" என்றும் சொல்லிவிட்டேன். இதை எழுதும் இந்நேரத்திலும் அச்சொற்களுக்காக நாணுகிறேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசைமீது கையை ஊன்றிக்கொண்டு அந்த இளைஞரைப் பார்த்தார்.

"பேருல என்ன தம்பி குழப்பம்? எங்க ஆத்தா வச்ச பேரு ஒண்ணுதான். யாரு கேட்டாலும் அதத்தான் சொன்னேன். ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல. கேட்டவுங்க அவுங்கவுங்க கேட்டபடி எழுதுனாங்க. குழப்புனது அவுங்க. நான் குழம்பல."

கந்தோரிற் சிறிது நேரம் பேச்சில்லை. ஐம்பது ஆண்டுத் தாள்களில் காணாமற்போயிருந்த எழுவாயை, ஒரு வாக்கியத்தில் அம்மா தேடிப்பிடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தன்வினை, பிறவினை என்ற சொற்களை அவர் கேட்டதே கிடையாது. வேறுபாடு மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது, பீலித் தண்ணீரிலிருந்தும் குழம்புச் சட்டியிலிருந்தும்.

அந்த இளைஞர் நல்லவர். "சரி அம்மா, இருங்கள்" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்து, மூன்று மொழியிலும் வாய்விட்டு வாசித்தார். வாய்விட்டு வாசித்தபோது மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலித்தன. எனினும் கந்தோருக்கு ஒலி போதாது, தாள் வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்று, தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் கடிதம் ஒன்று, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி. நாலைந்து முறை மலையிறங்கி ஏறினோம். தாம் தாமேதான் என்று நிலைநாட்டுவதற்கு ஒரு மனுஷி கொடுத்த பஸ் கட்டணம் அது.

சத்தியக் கடதாசியின் அடியில் அம்மா கைநாட்டு வைத்தார். இடக்கைப் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி, மெல்ல எடுத்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த அந்த விரலின் வரிகள் தாளில் தெளிவாக விழுந்தன. அதற்கு லகர ழகர பேதம் கிடையாது, மொழிபெயர்ப்பும் தேவையில்லை. எழுத்தறிவின்மையின் அடையாளம் என்று நாம் இரங்கும் அந்தக் கைநாட்டு ஒன்றே, அன்று அங்கிருந்த தாள்களிற் பிழையில்லாத பெயராக இருந்தது.

எட்டு மாதங் கழித்துப் பணம் வந்தது. கூரைத் தகரம் மாற்றினோம். பேத்திக்கு ஒரு சோடித் தோடு வாங்கினார். எஞ்சியதை வங்கியில் இட்டார். அந்த வங்கிப் புத்தகத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே மடித்து வைத்தார்.

நாட்டின் பெரிய கணக்கும் ஒருவாறு தீர்ந்தது. 1988இலும் 2003இலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களால் இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இந்நாட்டவரே என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பெரிய மாமா அதற்கு முன்பே நீலகிரியிற் காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வகுப்பிலே தன்வினை, பிறவினை கற்பிக்கும்போதெல்லாம் 'குழம்பு, குழப்பு' என்ற இணையைத்தான் முதல் எடுத்துக்காட்டாகத் தந்தேன். மாணவர்களிடம் ஒரு வழக்கத்தையும் வற்புறுத்தினேன். "குழப்பம்" என்று எழுத நேர்ந்தால் அந்த இடத்தில் எழுதுகோலை ஒரு கணம் நிறுத்துங்கள். அது குழம்பியதால் வந்ததா, குழப்பியதால் வந்ததா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். குழம்பியது நீங்களாயின் ஒத்துக்கொள்ளுங்கள், அதில் இழிவில்லை. குழப்பியவர் வேறொருவராயின், குழம்பியவன் தலையில் அந்தப் பழியைச் சுமத்தாதீர்கள். பரீட்சைத் தாளில் இதற்குப் புள்ளி கிடைக்காது. வீட்டிலும் ஊரிலும் இதனால் எத்தனையோ வழக்குகள் தீரும். கணவன் மனைவியிடம், "நீ ஏன் குழம்புகிறாய்?" என்று சினக்குமுன், தான் காலையிலிருந்து சொன்ன மூன்று வேறு வேறு கட்டளைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் மாணவனை "குழப்பக்காரன்" என்னுமுன், தம் விளக்கம் தெளிவாக இருந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். நானும் அந்த ஆசிரியர்களுள் ஒருவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

குழப்பத்துக்கு மாற்றாகவும் தமிழ் ஓர் இணையை வைத்திருக்கிறது: தேறு, தேற்று. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் மண் அடியிற் படிந்து நீர் தெளியும் என்பது பழந்தமிழர் கண்ட உண்மை. அழுகிறவளை அணைத்து ஆறுதல் கூறுவதையும் அதே சொல்லால் 'தேற்றுதல்' என்கிறோம். தண்ணீர் சும்மா வைத்திருந்தால் தானே தேறும். மனிதர் எல்லாரும் அப்படித் தாமே தேறிவிடுவதில்லை. பக்கத்தில் இருந்து தேற்ற ஒருவர் வேண்டும். கந்தோரில் நாற்காலி இழுத்துப்போட்ட அந்த இளைஞர் அன்று செய்தது அதுதான். இரண்டு இரவுகள் கதவைத் தாழிட்டு என் தங்கையைக் காத்த அந்தச் சிங்கள மூதாட்டி செய்ததும் அதுதான்.

அம்மா மறைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பதியச் சென்ற அன்று, பெயரைச் சொல்லும் முறை எனக்கு வந்தது. பதிவாளர் எழுதுகோலை எடுத்தார். நான் அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "இது ழகரம், ஐயா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, தலையசைத்து, சரியாகவே எழுதினார்.